ஸ்பின் டிரிஃப்ட்: தமிழில் சுழல்விலகல்

காற்று சுத்தமாக அடங்கிப்போன நேரத்தில், ரைஃபிளைத் துளியும் அசைக்காமல் சுட்டாலும், 1,000 கெஜம் தாண்டிப் போன தோட்டா குறியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் வலப்பக்கம் தள்ளித்தான் விழும். சுட்டவர் கையிலும் குற்றமில்லை, துப்பாக்கியிலும் குற்றமில்லை. தோட்டா சுழல்வதாலேயே வருகிற இந்த ஒதுங்கலுக்குத்தான் ஸ்பின் டிரிஃப்ட் என்று பெயர்.

ஆங்கிலத்தில் ஸ்பின் என்பது முதலில் நூல் நூற்பதைக் குறித்த சொல், சிலந்திக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். முறுக்கி முறுக்கி நூற்பதால் பிறகு சுழல்வதற்கும் ஆகிவந்தது. டிரிஃப்ட் என்பது 'ஓட்டு, விரட்டு' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது, அதாவது வேறொன்று தள்ளத் தள்ளப் போவது. குழப்பமே இந்த இரண்டாவது சொல்லால்தான் வருகிறது. டிரிஃப்ட் என்றதும் காற்று அடித்துக்கொண்டு போகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களோ சுழல்பந்து காற்றில் வளைவதையும் டிரிஃப்ட் என்றே கேட்டுப் பழகியதால், இதுவும் அதே மேக்னஸ் விளைவுதான் (போகும் திசைக்குக் குறுக்கே அச்சு வைத்துச் சுழலும் பொருள் காற்றில் வளைவது) என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. தோட்டா தான் போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழல்கிறது, அதனால் மேக்னஸ் விளைவுக்கு இங்கே பங்கு மிகக் குறைவு.

நடப்பது வேறு. குழலுக்குள் வலப்பக்கம் திருகும்படி வெட்டியிருக்கும் வரிகள் தோட்டாவைச் சுழற்றி அனுப்புகின்றன (ரைஃபிள் என்ற பெயரே 'கீறு, வரி வெட்டு' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்ததுதான்). 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலிலிருந்து விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும் தோட்டா, விநாடிக்கு 3,200 சுற்றுக்கு மேல் சுழலும். அதன் பாதை கீழ்நோக்கி வளைய வளைய, மூக்கு மட்டும் பழைய திசையிலேயே நிற்கப் பார்க்கும், எதிர்க்காற்று அந்த மூக்கை அடியிலிருந்து மேலே தள்ளும். சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் போகாது, சுழற்சித் திசையில் கால்சுற்று தள்ளித்தான் திரும்பும், சாயும் பம்பரம் உடனே விழாமல் வட்டமடிப்பதும் இதனால்தான். ஆக மேலே தள்ளப்பட்ட மூக்கு வலப்பக்கம் திரும்பி, ஒரு மயிரிழை அளவு அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கோணத்தில் படும் காற்று தோட்டாவை முழுப் பயணமும் வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே போகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நகர்வு என்றால் எந்தப் பக்கமும் நகரலாம். பெயர்ச்சி என்றால் கண்டப்பெயர்ச்சி போல ஒன்று முழுதாக இடம் மாறிய நினைப்பு வருகிறது. 'கரை ஒதுங்கியது' என்பதில் உள்ள ஒதுங்கல் எனக்கு ரொம்பப் பிடித்த சொல், ஆனால் அங்கேயும் அலைதான் தள்ளுகிறது, மறுபடி காற்றின் நினைப்பு வந்துவிடும். போக வேண்டிய கோட்டை விட்டு விலகுவதால் விலகல், காரணம் சுழற்சி என்பதால் சுழல்விலகல். இதுவே பொருத்தம் என்பேன். காற்றால் வருவதைக் காற்றுவிலகல் என்று தனியே பிரித்துவிடலாம்.

சுழல்விலகலைச் சரிக்கட்டுவது ஈடுசெய்தல். காற்று எப்போது மாறும் என்று தெரியாது, சுழல்விலகலின் திசையோ மாறவே மாறாது, அதனால் கணக்குப் போட்டு ஈடு வைத்துவிடலாம். 7.62 மி.மீ. வகைத் தோட்டாவுக்கு 300 கெஜத்தில் அது அரை அங்குலம்தான், கண்டுகொள்ள வேண்டாம். பறக்கும் நேரம் இரட்டித்தால் விலகல் மூன்றரை மடங்கு ஆகும் என்பதால், 1,000 கெஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் வந்து நிற்கும். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் (எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, திருகியின் ஒரு கிளிக் அதில் கால்) இடப்பக்கம் மூன்று கிளிக், மில் ஸ்கோப்பில் (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு கிளிக் அதில் பத்தில் ஒன்று) இரண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளில் இந்த ஈட்டைக் கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியிலேயே அமைத்திருந்தார்கள், தூரத்துக்கு ஏற்பப் பின்குறியை உயர்த்தும்போதே அது தானாக இடப்பக்கம் நகரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கோப் ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்திருந்தாலும் 1,000 கெஜத்தில் தோட்டா ஆறேழு அங்குலம் பக்கவாட்டில் போய்விடும், அதைச் சுழல்விலகல் என்று நினைத்து ஈடு வைத்தால் மற்ற தூரங்களில் கணக்கு உதைக்கும். அப்புறம், தோட்டாவின் பாதையைக் கணிக்கும் செயலியில் சுழல்விலகலுக்கான வசதியை இயக்கிவிட்டு ஸ்கோப்பைக் கையாலும் திருகினால் ஈடு இரண்டு முறை சேர்ந்துவிடும்.

இடப்பக்கம் திருகும் குழலில் எல்லாம் தலைகீழ், பழைய லீ-என்ஃபீல்டு அப்படிப்பட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வலம்புரி, இடம்புரி என்று எழுத ஆசை வரும். ஆனால் நாம் வலம்புரி என்கிற சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்கிறார்கள், பிடித்துப் பார்க்கும் விதத்தில் பெயர் மாறுகிறது. கணிதப் பாடத்தில் பழகிய வலஞ்சுழி, இடஞ்சுழி போதும், சுடுபவரின் பக்கமிருந்து பார்த்துச் சொன்னால் குழப்பம் வராது.