மன்னித்தார் என்று தெரிகிறது, மனசு நம்பமாட்டேன் என்கிறது

பெங்களூரில் சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்ச் சபைகளிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் சிலருக்குக் குறை ஒன்றுதான்: "ஆண்டவர் மன்னிப்பார்னு தெரியும் டாக்டர். என்னை மன்னிச்சாரான்னுதான் தெரியல." இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். சபையிலேயே அதிகம் ஜெபிக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஒரு பெண்மணி. அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருவிருந்து ஞாயிறு வந்தாலே முந்தின ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது. கல்லூரியில் சொன்ன ஒரு பொய்யைப் பாஸ்டரிடம் அறிக்கையிட்டார், ஜெபித்தார்கள், நிம்மதி. ஆட்டோ வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த சந்தேகம்: முழுசாகச் சொன்னேனா, ஏதாவது விட்டுவிட்டேனா? திரும்பவும் பாஸ்டருக்கு போன். "அதான் சொல்லிட்டியே" என்று தேற்றித் தேற்றிக் கணவரும் அலுத்துப்போனார்.

பார்த்தால் குற்ற உணர்வு மாதிரி இருக்கும். ஆனால் இது ஓசிடி நோயின் ஒரு வகை: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். சிலர் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள், இவர்கள் அறிக்கையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆறுதலும் சந்தேகத்துக்குத் தீனி. இயேசு சபையை நிறுவிய புனிதர் இக்னேசியஸ் லொயோலா 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே பாடுதான் பட்டார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுபட்டார். இன்று நாங்கள் தரும் பயிற்சியும் ஏறக்குறைய அதுதான்: சந்தேகம் வரட்டும், அதற்குப் பதில் சொல்ல ஓடாதீர்கள்.

ஆனால் எல்லா அரிப்பும் நோய் இல்லை. ஒருவரை ஏமாற்றி வாங்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு "மனசு அரிக்குது" என்று வருகிறவருக்கு நான் மாத்திரை எழுதுவதில்லை. அவருக்கு லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயு இருக்கிறார், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றவர்.

"மன்னிப்பின் சந்தோஷம் எனக்குள்ளே வரலையே" என்று அந்தப் பெண்மணி அழுதபோது லூக்கா 15-ஐப் படிக்கச் சொன்னேன். அதில் முதலில் சந்தோஷப்படுகிறவர்கள் யார்? ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பன், காசு கிடைத்த பெண், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைக் கண்ட அப்பா. மகன் ஒத்திகை பார்த்து வந்த பேச்சை முடிக்கவேயில்லை. "கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்" என்ற கடைசி வரிக்குள் அப்பா புது உடுப்பு எடுத்துவரச் சொல்லிவிடுகிறார். அறிக்கை முழுசா என்று அவர் சரிபார்க்கவில்லை. அப்புறம்தான் விருந்து.

இப்போது அந்தப் பெண்மணி சந்தேகத்தோடேயே போய்த் திருவிருந்து எடுக்கிறார். கூடவே மாத்திரையும் உண்டு. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம், பாதியில் நிறுத்தக்கூடாது. அவருடைய பாஸ்டரும் ஒத்துழைத்தார்: ஒரே பாவத்துக்கு இரண்டாம் தடவை ஜெபிப்பதில்லை என்று அன்பாகச் சொல்லிவிட்டார். மற்ற போதகர்களும் ஃபாதர்களும் இதைச் செய்தாலே எங்கள் வேலை பாதி முடிந்தது.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை டெலி மனஸ், எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.