ஜீப்பைச் சுட்ட சிப்பாய் அச்சேறிய கதை

முன்சக்கரம் முறிந்து மண்டியிட்டதுபோல் கிடக்கிறது ஒரு ஜீப். அதன் எதிரே வயதான குதிரைப்படை சார்ஜென்ட் ஒருவர் நிற்கிறார். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையிலுள்ள கைத்துப்பாக்கியை ஜீப்பின் எஞ்சின் மூடியை நோக்கி நீட்டியிருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் கிடையாது. கால் முறிந்த குதிரையைத் துடிக்கவிடாமல் சுட்டுவிடுவது குதிரைப்படையின் பழைய வழக்கம். அது தெரிந்தவருக்கு விளக்கம் எதற்கு?

1944இல் அமெரிக்க ராணுவத்தின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ்' நாளிதழுக்காக இதை வரைந்த பில் மால்டினுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவரும் சிப்பாய்தான், சிசிலியில் இறங்கிய 45ஆம் டிவிஷனோடு வந்து, இத்தாலியப் போர்முனையில் மோர்ட்டார் குண்டால் காயம்பட்டவர்.

நகைச்சுவை இருக்கட்டும். எனக்கு வியப்பாக இருப்பது அந்தக் கறுப்புக் கோடு. ஒரு வெள்ளை அட்டையில் தூரிகையால் இழுத்த கோடு, குண்டு விழுந்த நகரத்தின் அச்சகத்தில், மட்டமான தாளில், பல்லாயிரம் பிரதிகளாக எப்படிச் சிதையாமல் வந்தது? ஸ்கேனர் இல்லை, ஜெராக்ஸ் இல்லை. ஓவியரின் அட்டைக்கும் சிப்பாயின் கைக்கும் நடுவே இருந்தவை முட்டையின் வெள்ளைக்கரு, அமிலம், காகிதக்கூழ், உருக்கிய ஈயம்.

அந்தப் பத்திரிகைக்கு ஊர் ஊராக அலைவது பிறவிக்குணம். 1861 நவம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, மிசௌரி மாநிலத்தின் புளூம்ஃபீல்டில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில் புகுந்த இல்லினாய் சிப்பாய்கள்தான் இந்தப் பெயரில் முதலில் ஒரு தாளை அச்சடித்தார்கள். 1918 பிப்ரவரி 8இல் பாரிஸில் வார இதழாக மறுபிறவி எடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் நின்றது. 1942 ஏப்ரல் 18இல் லண்டனில் மூன்றாம் முறை தொடங்கி, நவம்பரில் நாளிதழானது. அச்சடித்தது 'தி டைம்ஸ்' பத்திரிகையின் அச்சகத்தில். பிறகு படை போன வழியெல்லாம் அல்ஜியர்ஸ், பலேர்மோ, நேப்பிள்ஸ், ரோம், பாரிஸ் என்று பதிப்புகள் முளைத்தன. ஓர் ஊரைப் பிடித்ததும் ராணுவம் பாலத்தையும் ரயில் நிலையத்தையும் தேடும். இவர்கள் அச்சகத்தைத் தேடினார்கள்.

கிடைத்த அச்சகத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். இத்தாலிய மொழியில் 'கே', 'டபிள்யூ' எழுத்துகளுக்கு வேலையே இல்லை. ஆங்கிலத்தில் அவையின்றி ஒரு பத்தி நகராது. படத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் படத்துக்கென்று வேறு தொல்லைகள் இருந்தன.

அக்காலத்துச் செய்தித்தாள் அச்சு, ரப்பர் முத்திரையின் தத்துவம்தான். மேடாக இருப்பது மை வாங்கும். பள்ளமாக இருப்பது வாங்காது. எழுத்து ஏற்கெனவே ஈயத்தில் மேடாக வார்க்கப்பட்டிருக்கும். படத்தையும் அதே உயரத்துக்கு உலோகத்தில் எழுப்ப வேண்டும். நம் அச்சகங்களில் 'பிளாக்' என்பார்களே, அதுதான். அதிலும் வெறும் கோட்டுப் படத்துக்கு 'லைன் பிளாக்'.

செய்முறை இப்படி. ஓவியத்தைப் பெரிய கேமராவில் படம்பிடிப்பார்கள். அந்தப் படச்சுருளுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு அல்லது வெறுமை, இரண்டே நிலை. கிடைக்கும் நெகட்டிவில் கோடுகள் கண்ணாடிபோலத் தெளிவாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் இருக்கும். இதற்கிடையே ஒரு துத்தநாகத் தகட்டில் முட்டை வெள்ளைக்கருவோடு டைகுரோமேட் உப்பைக் கலந்து மெல்லிய பூச்சாகத் தடவி உலர்த்தி வைத்திருப்பார்கள். நெகட்டிவை அதன்மேல் அழுத்தி, கண்ணைக் கூசவைக்கும் கார்பன் வில்விளக்கின் ஒளியைப் பாய்ச்சுவார்கள். வெள்ளைக்கரு சூட்டில் கெட்டிப்படுவது நமக்குத் தெரியும். டைகுரோமேட் சேர்ந்தால் அது ஒளிபட்டாலே கெட்டிப்படும். கோடுகள் வழியாக ஒளி விழுந்த இடம் மட்டும் தண்ணீரில் கரையாத தோலாகிவிடும். மை உருளையை ஓட்டித் தகட்டைக் கழுவினால், ஒளிபடாத பூச்சு தன்மேல் படிந்த மையோடு கரைந்து போகும். பளபளக்கும் துத்தநாகத்தின்மேல் ஓவியம் மட்டும் கறுப்பாக நிற்கும்.

இனித் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் விட வேண்டும். கோட்டை மையும் பூச்சும் காக்கும். மற்ற இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். கேட்க எளிது. ஆனால் அமிலத்துக்குத் திசை தெரியாது. கீழ்நோக்கி அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அரிக்கும். கோட்டின் தலை மேலே அப்படியே இருக்க, அடியில் இடுப்பு இளைத்துக்கொண்டே வரும். அரை மில்லிமீட்டர் ஆழம் தோண்டுவதற்குள் மெல்லிய கோடு அடியற்று உதிர்ந்துவிடும்.

இதற்கு பிளாக் செய்பவர்கள் கண்ட தந்திரம் அழகானது. கொஞ்ச நேரம் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்து, ஒருவகைப் பிரம்பின் காயிலிருந்து கிடைக்கும் சிவப்புப் பிசின் பொடியைத் தூரிகையால் ஒரே திசையில் தள்ளித் தள்ளி விடுவார்கள். காற்றில் பறக்கும் மணல் சுவரோரம் ஒதுங்குவதுபோல அந்தப் பொடி கோட்டின் பக்கச் சுவரில் ஒதுங்கும். தகட்டைச் சூடாக்கினால் உருகி ஒட்டிக்கொண்டு கவசமாகிவிடும். பிறகு எதிர்த்திசை, பிறகு இடம், வலம். நான்கு பக்கமும் கவசம் போட்டபின் மறுபடி அமிலம், மறுபடி பொடி. தொழிலில் அந்தப் பிசினுக்கு 'டிராகன் ரத்தம்' என்று பெயர். ராணுவ நகைச்சுவைக்குப் பொருத்தமான மூலப்பொருள்தான்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நூலிழைக் கோடு இந்தச் சோதனையில் தேறுவது கடினம். ஓவியங்களை அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைந்து சுருக்குவது வழக்கம் என்பதால், கோடு கேமராவிலேயே ஒருமுறை இளைத்துவிடுகிறது. அமிலத்தில் இன்னொரு முறை இளைக்கிறது. ஆனால் அச்சு எந்திரத்தில் நேர் எதிரானது நடக்கும்: மட்டரகத் தாளில் மை பரவிக் கோடு தடிக்கும், அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நல்ல செய்தித்தாள் ஓவியர் இந்த இரண்டையும் முன்கூட்டியே கணக்கில் வைத்து வரைவார். மால்டினின் படங்களைப் பாருங்கள். தடித்த தூரிகைக் கோடு, பெரிய கறுப்புத் திட்டுகள், நடுவே துணிந்து விட்ட வெள்ளை. சேறு, இருட்டு, மழை எல்லாம் கறுப்பு வெள்ளையாலேயே ஆனவை.

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் படத்தைப் புள்ளிகளாக உடைத்துக் கண்ணை ஏமாற்ற வேண்டும். புகைப்படங்களுக்கு அதைத்தான் செய்தார்கள். சொரசொரப்பான தாளில், அவசர அச்சில், அந்தப் புள்ளிகள் சேர்ந்து குழம்பிப் போவதைப் பழைய நாளிதழ்களைப் புரட்டிய எவரும் பார்த்திருப்பார்கள். முகங்கள் தார் பூசியதுபோலிருக்கும். கோட்டுப் படம் அந்தப் பக்கத்திலும் பளிச்சென்று நிற்கும்.

மால்டினின் நாயகர்களான வில்லி, ஜோ இருவருக்கும் எப்போதும் நான்கு நாள் தாடி. ஜெனரல் பேட்டனுக்கு அது பொறுக்கவில்லை. தன் படையில் மழித்த முகமும் கழுத்துப்பட்டையும் கட்டாயம் என்றிருந்தவர் அவர். 1945 மார்ச்சில் மால்டினை லக்ஸம்பர்க்குக்கு வரவழைத்துக் கடிந்துகொண்டார். மால்டின் வரைவதை நிறுத்தவில்லை. பேட்டனுக்கும் மேலே இருந்த தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் ஆதரவு இருந்தது. அதே ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது. தளபதியின் கண்ணை உறுத்திய அந்தத் தாடி, பிளாக் செய்தவர்களுக்கும் தலைவலியாகத்தான் இருந்திருக்கும்: குட்டிக்குட்டிக் கோடுகள், நடுவே இம்மியளவு இடைவெளி. அமிலம் கொஞ்சம் மிஞ்சினால் தாடி உதிர்ந்துவிடும். ஜெனரலுக்கு மகிழ்ச்சி.

பிளாக் தயார். ஆனால் ஒரு பிளாக்கை வைத்து நாளிதழ் அடிக்க முடியாது. வேகமான சுழல் எந்திரத்துக்கு உருளையைச் சுற்றிப் பொருந்தும் வளைந்த அச்சு வேண்டும். ஈய எழுத்தோ தட்டையானது. இந்த இடத்தில் வருகிறது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள்: 'ஃபிளாங்' என்ற காகிதக்கூழ் அட்டை.

எழுத்தும் பிளாக்கும் இறுக்கிக் கட்டிய பக்கத்தின்மேல் இந்த அட்டையை வைத்துப் பல டன் அழுத்தத்தில் அமுக்குவார்கள். மேடெல்லாம் அட்டையில் பள்ளமாகப் பதியும். அட்டையை அரைவட்டமாக வளைத்து வார்ப்புப் பெட்டிக்குள் வைத்து, ஈயமும் ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை ஏறத்தாழ 300 டிகிரிச் சூட்டில் ஊற்றுவார்கள். தாள் எரியாதா? பெட்டிக்குள் காற்றுக்கு இடமில்லை; பெட்டியின் சுவரைத் தண்ணீர் ஓடிக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்; உலோகம் நொடிகளில் உறைந்துவிடும். அட்டை லேசாகப் பழுப்பேறும், அவ்வளவுதான். அதே அட்டையிலிருந்து இன்னும் சில வார்ப்புகள் எடுக்கலாம். ஈரம் மட்டும் துளியும் கூடாது. இருந்தால் நீராவியாகிக் கொப்புளம் விடும், பக்கம் பாழ். ஆன்டிமனி சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும், ஆன்டிமனி விரியும். கலவையின் சுருக்கத்தை அது ஈடுகட்டுவதால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக வரும்.

ஃபிளாங்கின் உண்மையான பெருமை அதன் எடையில் இருக்கிறது. வார்த்த ஈயப் பக்கம் ஒன்றைத் தூக்கத் திடமான ஆள் வேண்டும். அட்டையையோ சுருட்டித் தபாலில் போட்டுவிடலாம். நியூயார்க்கில் ஒரே ஒரு துத்தநாக பிளாக்; அதிலிருந்து நூற்றுக்கணக்கான அட்டைகள்; போய்ச் சேரும் ஊரில் ஈயக் கொப்பரை இருந்தால் போதும். படக்கதைகள் அமெரிக்கா முழுவதும் பரவியதே இந்த வழியில்தான். போர் வந்ததும் ராணுவம் அதே வழியை எடுத்துக்கொண்டது. 'கேம்ப் நியூஸ்பேப்பர் சர்வீஸ்' என்ற ராணுவப் பிரிவு முகாம் பத்திரிகைகளுக்குப் படக்கதைகளை இலவசமாக வழங்கியது. புகழின் உச்சியில் இருந்த மில்டன் கனிஃப் அதற்காகக் காசு வாங்காமல் 1943 ஜனவரி முதல் 1946 மார்ச் வரை 'மேல் கால்' (Male Call) படக்கதையை வரைந்தார். வழக்கமாகத் தொடர்கதை வரைபவர் அவர். இதில் மட்டும் ஒவ்வொரு வாரமும் கதை அங்கேயே முடிந்துவிடும். இந்த வாரம் இந்தத் தீவில் இருப்பவன் அடுத்த வாரம் எங்கே இருப்பானோ. அவனிடம் 'தொடரும்' போட முடியுமா?

சிப்பாய்களுக்கான இன்னொரு ராணுவ இதழ் 'யாங்க்' என்ற வார இதழ். 1942 ஜூனில் தொடங்கியது, விலை ஐந்து சென்ட். அதிகாரிகள் அல்லாத சாதாரணச் சிப்பாய்கள் எழுதியது. அதில் ஜார்ஜ் பேக்கர் வரைந்த 'சாட் சாக்' என்ற அப்பாவிச் சிப்பாய் வாயே திறக்கமாட்டான். 'யாங்க்' இதழின் ஒரு பதிப்பு கல்கத்தாவிலிருந்து வந்தது. டெல்லியிலோ 1942 செப்டம்பர் முதலே 'சி.பி.ஐ. ரவுண்டப்' என்ற வாரப் பத்திரிகை இருந்தது. சீனா, பர்மா, இந்தியா ஆகியவற்றில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கானது. அச்சானது 'தி ஸ்டேட்ஸ்மன்' அச்சகத்தில். நம் பருவமழையில் அந்தக் காகித அட்டைகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஈயக் கொப்பரையும் இல்லாத முகாம்களில் சைக்ளோஸ்டைல்தான். மெழுகு பூசிய மெல்லிய தாளில் எழுத்தாணியால் கீறினால் அந்தக் கீறல் வழியே மட்டும் மை கசியும். இங்கே இலக்கணம் தலைகீழ். மெல்லிய கோடு நன்றாக வரும். பெரிய கறுப்புத் திட்டு வராது. அவ்வளவு மெழுகையும் சுரண்டினால் தாள் கிழியும், இல்லையென்றால் மை குளமாகும். அதனால் அத்தகைய தாள்களில் படங்கள் வெறும் வெளிக்கோட்டோடு, எலும்பும் தோலுமாக இருக்கும்.

இன்றைக்கு 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ்' பக்கங்கள் கணினிக் கோப்புகளாகப் பறக்கின்றன. அமிலமும் கொப்பரையும் ஆஃப்செட் அச்சு வந்தபோதே ஒழிந்தன. ஃபிளாங் மட்டும் சில இடங்களில் பிழைத்திருக்கிறது. வேலை முடிந்த அட்டைகளை அமெரிக்கக் கிராமங்களில் குளிர் புகாமலிருக்கக் கோழிக்கூண்டுச் சுவரிலும் வீட்டுக் கூரையின் உட்புறத்திலும் அடித்து வைப்பது அந்நாளில் உண்டு. ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். அதன் பதிவான அட்டையில் எல்லாம் நேராகிவிடும். ஆகவே பழைய கூரையைப் பிரிப்பவர் அந்தப் பக்கத்தை அப்படியே வாசிக்கலாம். விரலால் தடவினால் படக்கதை நாயகனின் மூக்கு ஒரு சின்னப் பள்ளமாகத் தட்டுப்படும்.