இறால் ஓடு, பட்டு, கடற்பாசி: இயற்கைப் பாலிமர் உணரிகளை எப்படி மதிப்பிடுவது?

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் விடும் சிறுநீர், கோடு தோன்றும் இடத்தை நோக்கி ஊர்ந்து செல்வது நைட்ரோசெல்லுலோஸ் என்ற சவ்வின் வழியாக. மரக்கூழிலோ பஞ்சிலோ இருக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்தால் கிடைப்பது அது. புரதங்கள் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எதிர்ப்பொருள்களைக் கோடாகப் படியவைக்க அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வினையைக் கொஞ்சம் கூடுதலாக நடத்தினால் அதே செல்லுலோஸ் வெடிபஞ்சாகிவிடும். செடியிலிருந்து வந்தது என்ற தகவல் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உடலில் ஒரு பொருளின் அளவைக் கண்டு சொல்லும் மருத்துவ உணரிகளில் பயன்படும் பொருள்களைச் சோதிப்பது என் வேலை. செல்லுலோஸ் போன்ற, சங்கிலி வடிவப் பெரிய மூலக்கூறுகளைப் பாலிமர் என்பார்கள். 'இயற்கைப் பாலிமரால் ஆனது, எனவே பாதுகாப்பானது' என்ற வரியை விளக்கக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கிறேன். முதல் பாதி உண்மையாக இருக்கலாம். 'எனவே' என்பதுதான் எங்கிருந்து வந்தது என்று புரிவதில்லை. பொருள் எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்பதைவிட, உணரிக்குள் அது என்ன வேலை செய்கிறது, உடலின் திரவத்தில் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பவையே முக்கியம்.

குளுக்கோஸ் உணரியையே எடுத்துக்கொள்வோம். லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் முன்வைத்த அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை. மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கும். அது குளுக்கோஸை ஆக்ஸிஜனோடு வினைபுரிய வைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்தது என்பதையோ பெராக்சைடு எவ்வளவு உருவானது என்பதையோ மின்முனை அளந்து சொல்லும். நொதி கழுவிப் போய்விடாமலும் செத்துவிடாமலும் மின்முனையோடு இருக்க வேண்டும். அங்கேதான் கைட்டோசான் போன்ற பாலிமருக்கு வேலை.

இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான் கிடைக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அது கரையும், அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 6.5ஐத் தாண்டினால் திடமாகப் பிரிந்துவிடும். எதிர்மின்முனையின் அருகில் மின்னோட்டத்தால் பி.எச். உயர்வதால், வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய படலமாகப் படிய வைக்கலாம். கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம், நொதிக்கு எதிர்மின்னூட்டம். எனவே கடுமையான வேதிப்பொருள் இல்லாமலே நொதி அதில் தங்கும். இந்த அழகில் மயங்காத ஆய்வாளர் குறைவு.

அந்த நேர்மின்னூட்டமே தொல்லையும் தருகிறது. வைட்டமின் சியும் யூரிக் அமிலமும் உடல் திரவத்தில் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பவை. படலம் அவற்றையும் தன் பக்கம் இழுக்கும். மின்முனையை அடைந்தால் அவையும் மின்னோட்டம் தரும்; கருவி அதையும் குளுக்கோஸ் என்றே கணக்கிடும். அதனால்தான் மேலே எதிர்மின்னூட்டமுள்ள இன்னொரு படலம் போடுகிறார்கள். பாராசிட்டமாலுக்கோ அந்தத் தடுப்பு போதாது. உடலின் பி.எச். அளவில் அதற்கு மின்னூட்டம் இல்லாததால், மூலக்கூறின் பருமனைக் கொண்டு வடிகட்டும் படலமோ குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் வடிவமைப்போ வேண்டும். தோலில் ஒட்டும் குளுக்கோஸ் உணரி வைத்திருப்பவர்கள், எந்தெந்த மருந்துகள் அளவைக் குழப்பும் என்ற பகுதியைக் கருவியின் கையேட்டில் ஒருமுறையாவது படித்துவிடுங்கள்.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டின் கதை வேறு. கால்சியம் அயனிகள் அதன் சங்கிலிகளைப் பிணைத்துக் கூழ்மமாக்குகின்றன. வெறும் நீரில் போட்டால் உறுதியாக நிற்கும். உடல் திரவத்திலோ சோடியம் வந்து கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பாஸ்பேட்டும் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. கூழ்மம் தளர்ந்து, நொதி நழுவி, அளவு மெல்ல மெல்லத் திரிகிறது. நீரில் மட்டும் சோதித்துவிட்டு 'நிலைத்தன்மை மிக நன்று' என்று எழுதியிருந்தால், அந்த வரிக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

ஜெலட்டின் கூழ்மமோ உடல் வெப்பநிலையிலேயே உருகிவிடும். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு இல்லாமல் பயன்படாது. அதற்குச் சேர்க்கும் குளூட்டரால்டிஹைடு மிச்சமிருந்தால் செல்களுக்கு நஞ்சு. மாற்றாகச் சொல்லப்படும் ஜெனிப்பின் தாவரப் பொருள்தான், நஞ்சும் குறைவு. ஆனால் அமினோ தொகுதிகளோடு சேர்ந்து அடர்நீலமாக மாறும். நிற மாற்றத்தைப் பார்த்து அளக்கும் உணரியில் அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டைப் பற்றி எனக்கு நம்பிக்கை அதிகம். பட்டிழையின் புரதமான ஃபைப்ரோயினால் ஆன படலத்தின் மேல் மின்முனைகளைப் பதித்து மூளையின் மேற்பரப்பில் வைத்து, பட்டு கரைந்ததும் மின்முனைகள் மடிப்புகளோடு ஒட்டிக்கொள்வதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விலங்குகளில் காட்டினார்கள். எவ்வளவு வேகத்தில் கரைய வேண்டும் என்பதையும், ஃபைப்ரோயினின் படிக அமைப்பை மாற்றி ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். இங்கும் ஒரு நிபந்தனை: இழையைச் சுற்றியுள்ள செரிசின் என்ற பசையை நீக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும் கச்சாப் பட்டு, உடலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும்.

ஒவ்வாமை என்றதும் இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் கைட்டோசானைப் பற்றிக் கேட்பார்கள். அந்த ஒவ்வாமையின் முதன்மைக் காரணி ட்ரோபோமயோசின் என்ற தசைப்புரதம். நன்றாகச் சுத்திகரித்த கைட்டோசானில் புரதம் மிகக் குறைவு. 'நன்றாக' என்பதற்குச் சான்று இருக்கிறதா என்பதே கேள்வி. பூஞ்சையிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் உண்டு. எதுவானாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் அருமையாக ஓடிய பல உணரிகள் கடைக்கு வராமல் நிற்பதற்கு, என் பார்வையில், இரண்டு சலிப்பூட்டும் காரணங்கள் பெரும் பங்கு வகிக்கின்றன. ஒன்று, சரக்குக்குச் சரக்கு வேறுபாடு: கடற்பாசியின் இனம், பருவம், அதன் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து ஆல்ஜினேட்டின் உள்ளமைப்பே மாறும். இன்னொன்று கிருமிநீக்கம். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் நொதி அழியும். காமாக் கதிர் பாலிமரின் சங்கிலிகளை அறுக்கும். இவற்றைப் பற்றிப் பல ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பத்திகூட இருப்பதில்லை.

தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வேறு உணரியின் துணையின்றித் தானே அளக்கும் அத்தகைய எந்தக் கருவிக்கும் அப்போது அது ஒப்புதல் அளித்திருக்கவில்லை. வியர்வையை அளக்கும் ஒட்டுப்பட்டைகளையும் அதே கண்ணோடு பார்க்கிறேன். வியர்வையில் குளுக்கோஸ் இரத்தத்தில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு. தோலின் மேலுள்ள அழுக்கும் வியர்க்கும் வேகமுமே அதை மாற்றிவிடும். விரல் நுனி இரத்தத்தில் அளக்கும் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரநிலை இருக்கிறது: ஆய்வக அளவோடு ஒப்பிட்டால், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராம் வேறுபாட்டுக்குள்ளும், அதற்கு மேலே 15 சதவீதத்துக்குள்ளும் 95 சதவீத அளவுகள் அமைய வேண்டும். புதிய கருவியை விற்க வருபவரிடம் அது போன்ற ஒரு துல்லியக் கணக்கைக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை இன்சுலின் அளவை அந்த எண்ணைப் பார்த்து மாற்றாதீர்கள். ஒட்டிய இடம் சிவந்தால் கழற்றிவிட்டு, உறையில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.