அடித்தவனுக்கு ஐந்து ஆட்டம், அடிபட்டவனுக்கு?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறவர்களுக்குத் திங்கட்கிழமைக் காலைப் பேச்சைத் தேடிப் போகத் தேவையில்லை. சனிக்கிழமை இரவு எங்கள் ஊர் ஹொக்கி அணியான லீஃப்ஸின் ஆட்டத்தில் என்ன நடந்ததோ அதுதான் பேச்சு. முதுகுவலியோடு வருகிற ஐயாவுக்கும் முழங்கால் மாற்றிக்கொண்ட அம்மாவுக்கும் கூட ஐஸ் ஹொக்கி பற்றிச் சொல்ல ஒரு கருத்து இருக்கும். 2024 நவம்பரிலும் அப்படி ஒரு திங்கள். 16ஆம் தேதி சனிக்கிழமை, லீஃப்ஸ் வீரர் ரையன் ரீவ்ஸ், எட்மன்டன் ஒயிலர்ஸின் டார்னெல் நேர்ஸைத் தலையில் இடித்து விழுத்தியிருந்தார். நேர்ஸ் முகத்தில் இரத்தத்தோடு வெளியே போனார். திங்கள் காலை எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள்: "எத்தனை மட்ச் தடை?" என்.எச்.எல். என்கிற தேசிய ஹொக்கி லீக் ரீவ்ஸுக்கு 5 ஆட்டத் தடை கொடுத்தது.

நேர்ஸின் தலை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையில் அடிபட்டவர்களைப் பார்ப்பதுதான் என் தொழில், நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு இது உறுத்தத் தொடங்கியது.

இந்த விளையாட்டைப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உடலால் இடித்துப் பந்தைப் பறிப்பது இங்கே குற்றமில்லை. (பந்து என்கிறேன், அது கறுப்பு ரப்பர் வட்டு.) பிழை எப்போது வருகிறது என்றால், தலைதான் இடியை முதன்மையாக வாங்கியது, அந்த இடியைத் தவிர்த்திருக்கவும் முடியும் என்ற இரண்டும் சேரும்போது. என்.எச்.எல். விதிப்புத்தகத்தில் இது 48ஆவது விதி. இடித்தவர் உடலின் நடுவை நோக்கித்தான் வந்தாரா, கடைசிக் கணத்தில் மற்றவர் குனிந்தாரா, திரும்பினாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் தடையின் நீளம். அதற்கு இடியின் தன்மை, காயம் பட்டதா, இடித்தவரின் பழைய கணக்கு என்ன என்பவை சேரும்.

அந்த விதி வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2010 மார்ச் 7. பொஸ்டன் புரூயின்ஸ் வீரர் மார்க் சவார்ட் பந்தை அடித்துவிட்டு நிற்கிறார், பார்வை பக்கவாட்டில் இல்லை. பிட்ஸ்பர்க்கின் மட் குக் பக்கத்திலிருந்து வந்து தலையில் இடிக்கிறார். சவார்ட் ஸ்ட்ரெச்சரில் போனார். குக்குக்கு ஒரு ஆட்டத் தடை கூட இல்லை, ஏனென்றால் தோளால் தலையை இடிப்பதைத் தடுக்கும் விதியே அப்போது இல்லை. 2000இல் எரிக் லிண்ட்ரோஸையும் 2003 இறுதிப் போட்டியில் போல் கரியாவையும் ஸ்கொட் ஸ்டீவன்ஸ் தலையில் இடித்து விழுத்தியபோதும் தடை இல்லை. சவார்ட் விழுந்த அதே மாதத்தில் லீக் அவசரமாக ஒரு தடையைக் கொண்டுவந்தது. முதலில் பக்கவாட்டிலிருந்து வரும் இடிக்கு மட்டும். பிறகு அதை எல்லாத் திசைக்கும் விரித்தார்கள்.

சவார்ட் அந்த மே மாதமே திரும்பி வந்தார். வந்த முதல் ஆட்டத்திலேயே மேலதிக நேரத்தில் வெற்றி கோலும் அடித்தார். அந்தக் காணொளியை இப்போது பார்த்தாலும் மெய்சிலிர்க்கும், அடுத்த நிமிடம் வயிறு கலங்கும். 2011 ஜனவரியில் கொலராடோவில் இன்னொரு இடி. பெரிய இடி என்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. அப்போது வயது 33. புரூயின்ஸ் அந்த ஆண்டே லீக் கோப்பையை வென்றது. அவர் ஐஸில் இல்லை. ஓய்வை முறையாக அறிவிக்க 2018 ஆனது.

சரி, தடைகள் பலன் தருவதில்லையா என்றால், தருகின்றன. 2011 மார்ச்சில் குக் இன்னொருவரின் தலையில் முழங்கையால் அடித்தபோது, அவருக்கு அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த 10 ஆட்டங்களும், பிளேஓஃப் என்கிற கோப்பைச் சுற்றுகளில் முதல் சுற்று முழுவதும் போயின. அடுத்த பருவத்தில் பிழை செய்து வெளியே உட்காரும் அவருடைய தண்டனை நிமிடங்கள் 129இலிருந்து 44ஆக இறங்கின. மனிதர் ஆடும் விதத்தையே மாற்றிக்கொண்டார். ரஃபி டொரஸ் என்ற இன்னொரு வீரர் மாற்றிக்கொள்ளவில்லை. 2012இல் 25 ஆட்டத் தடை, மேன்முறையீட்டில் 21 ஆனது. 2015இல் ஜேக்கப் சில்ஃபர்பெர்க்கை இடித்ததற்கு 41. அப்போது ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம், அதில் சரிபாதி. அதற்குப் பிறகு அவர் என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை.

டொம் வில்சன் என்ற வீரரின் கதை வேறு. 2018இல் அவருக்கு 20 ஆட்டத் தடை. நடுநிலைத் தீர்ப்பாளர் ஷியாம் தாஸ் அதை 14ஆகக் குறைத்தார். அந்த நேரம் வில்சன் ஏற்கெனவே 16 ஆட்டங்கள் வெளியே இருந்துவிட்டார்! இப்படி இருபதா பதினான்கா என்று சட்டத்தரணிகளை வைத்து வாதாடுகிற அதே லீக்கில், அடிபட்டவருக்கு என்ன ஆனது என்று அணிகள் சொல்லும் வாசகம் இரண்டே சொல்: "மேலுடல் காயம்." தோள் விலகினாலும் மேலுடல்தான், மூளை அதிர்ந்தாலும் மேலுடல்தான். எதிரணி குறிவைக்கக் கூடாது என்று மறைக்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ரீவி பார்த்துக்கொண்டிருக்கும் பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு சொல் என்ன கற்றுக்கொடுக்கும்?

அப்படி ஒரு பிள்ளை என்னிடம் வந்தான். விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பீரியடில் பலகைச் சுவர் ஓரம் இடி. எழும்பினான், ஆட்டத்தை முடித்தான், வீட்டில் பிட்டும் சாப்பிட்டான். "மயங்கேல்லைத்தானே, எழும்பி ஓடினவன்தானே" என்றார் அப்பா. மூன்றாம் நாள் வகுப்பில் வரிகள் ஆடுகின்றன என்றிருக்கிறான். வெளிச்சம் குத்துகிறது. தங்கச்சி கதைத்தால் எரிந்து விழுகிறான். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள்.

நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கன்கஷன் என்கிற மூளை அதிர்வு வந்த பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. ஸ்கான் இரத்தக்கசிவையும் உடைவையும் தேடுகிறது; அதிர்வு அதில் தெரியாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். முற்றிக் காய்ந்த தேங்காயைக் குலுக்கினால் ஓட்டுக்குள் கொப்பரை ஆடும். ஹெல்மெட் ஓட்டை உடையாமல் காக்கும், உள்ளே ஆடுவதை நிறுத்தாது. தலை சட்டென்று திருகப்படும் இடிதான் மூளையை மோசமாக இழுக்கிறது. தாடையில் மெல்லப் பட்டது போலத் தெரிகிற ஒன்று ஆறு வாரம் படுத்துவதும், சுவரில் மோதிய பெரிய சத்தம் ஒன்றும் செய்யாமல் போவதும் அதனால்தான்.

இன்னொன்று, இருட்டறை. "ஒரு கிழமையா ரூமுக்குள்ளேயே வைச்சிருக்கிறன்" என்று அம்மா பெருமையாகவே சொன்னார். அது பழைய புத்தி. முதல் 24 முதல் 48 மணி நேரம் அடக்கமாக ஓய்வு, போனையும் திரையையும் குறைப்பது, அவ்வளவுதான். பிறகு அறிகுறி பெரிதாகக் கூடாத அளவுக்கு நடக்க விடுங்கள். நான் அவனை நிலைச் சைக்கிளில் ஏற்றி, எந்த இதயத் துடிப்பில் தலைவலி கூடுகிறது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே தினமும் மிதிக்க வைத்தேன். கட்டைவிரலைப் பார்த்தபடி தலையைத் திருப்பும் பயிற்சி. கழுத்துத் தசைகள் இறுகிக் கிடந்தன. அவன் தலைவலியில் பாதி அங்கிருந்துதான். முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் ஐஸ், அதுவும் படிப்படியாக. முழு வகுப்பில் இருக்க முடியாதவனை முழு ஆட்டத்துக்கு அனுப்ப முடியாது.

அடிபட்டவுடன் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நேரமும் உண்டு: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், எழுப்பினாலும் சொருகும் கண், கடும் கழுத்துவலி. இதற்கெல்லாம் பிசியோவைத் தேடாதீர்கள், 911.

அவன் நான்காம் வாரம் வந்தபோது இடித்த பையன் தன் தடையை முடித்து ஆடத் தொடங்கிவிட்டான். மூன்று ஆட்டம். "அடிச்சவன் விளையாடுறான், என்ர பிள்ளை இஞ்ச சைக்கிள் மிதிக்கிறான்" என்று அம்மா அழுதுவிட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடித்தவனின் தண்டனைக்கு முடிவு தேதி இருக்கிறது, அடிபட்டவனின் நாட்களை யாரும் எண்ணித் தருவதில்லை. தடையை அடிபட்டவர் திரும்பும் வரை நீட்ட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் ஒரு குழந்தையின் அறிகுறி இன்னொரு குழந்தையின் தண்டனையாகிவிடும். இரண்டு பக்கமும் கிளினிக்கில் பொய் சொல்லத் தொடங்கும். காயம் பட்டதா இல்லையா என்பதைப் பார்க்காமல், தலையை இடித்த செயலுக்கே நீண்ட தடை கொடுக்கலாம். அதே இடிக்கு ஒருவர் எழும்புவார், ஒருவர் எழும்பமாட்டார். இடித்தவரின் கையில் அது இல்லை.

சிறுவர் ஹொக்கியில் அந்தத் துணிவு கொஞ்சம் வந்திருக்கிறது. இடிக்க அனுமதித்த ஆல்பர்ட்டா மாகாணத்தையும் அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தையும் ஒப்பிட்டபோது, ஆல்பர்ட்டாவில் 11, 12 வயதினருக்கு ஆட்டக் காயம் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. 2013இல் ஹொக்கி கனடா அந்த வயதுப் பிரிவில் இடிப்பதையே நிறுத்தியது. ஒன்ராறியோவில் 2018இல் ரோவன் சட்டம் வந்தது. ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவாவில் ரக்பி ஆடிய 17 வயதுப் பிள்ளை. முதல் அதிர்வு ஆறாமல் திரும்ப ஆடி, 2013 மே மாதம் இறந்துபோனாள். சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடு, டொக்டர் கையெழுத்து இல்லாமல் திரும்ப விடாதே என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். கோச் கண்ணை மூடிக்கொண்டால் இதைச் சொல்லிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

ஆறாம் வாரம் அப்பா அணியின் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் "திரும்பும் தேதி" என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விட்டு, ஓரத்தில் "மூன்றாம் படி: தனியாகச் சறுக்கலாம், யாரோடும் மோதக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப வாற சனி?" என்றார்.