முளைமாவில் காய்ச்சியும் கஞ்சி ஏன் களியாகிறது?

‘முளைகட்டிய கேழ்வரகு மாவில்தான் காய்ச்சுகிறேன், ஆனாலும் அடுப்பை விட்டு இறக்குவதற்குள் இறுகிவிடுகிறது’ என்பது, குழந்தைக்கு இணை உணவு தொடங்கும் தாய்மார்களும் வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்பவர்களும் உணவுத் தொழில்நுட்ப ஆலோசனைக்கு வரும்போது அடிக்கடி சொல்லும் குறை. தானியம் மட்டம், மில்லில் கலப்படம் என்று பலர் தாமாகவே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தானியத்தின் மேல் குற்றமில்லை. முளையில் உண்டான நொதி, அது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அழிந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

முளைவிடும் தானியம் தன் குருத்துக்கு உணவூட்டுவதற்காக அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. 1833இல் பிரான்சின் பாயென், பெர்சோ ஆகியோர் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்து டயாஸ்டேஸ் என்று பெயரிட்டது இத்தகைய நொதியைத்தான். சங்கிலி குறுகினால் அது நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது, கஞ்சி இளகுகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980களின் தொடக்கத்தில், கேழ்வரகையும் பாசிப்பயறையும் முளைகட்டி, கொழகொழப்புக் குறைந்த குழந்தை உணவை உருவாக்கியதும் இந்த அடிப்படையில்தான்.

இளகுவது வெறும் பக்குவக் கணக்கன்று. எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிலிட்டர்தான் கொள்ளும். சாதாரண மாவில் 100 மில்லிலிட்டர் கஞ்சிக்கு ஏறக்குறைய 10 கிராம் போட்டாலே கரண்டியில் நிற்கும் பதம் வந்துவிடுகிறது. அதில் கிடைப்பது 35 கலோரி. தண்ணீர் ஊற்றி இளக்கினால் அதுவும் குறையும். முளைமாவின் நொதியால் இளக்கினால், அதே அளவு கஞ்சியில் 20 கிராம் மாவைச் சேர்த்து 70 கலோரி வரை தரலாம். தாய்ப்பாலின் அடர்த்தியும் ஏறக்குறைய இதுவே.

இனி, தவறு நேரும் இடங்கள். மாவுச்சத்து பச்சையாக இருக்கும்வரை அதன் மணிகள் மூடிக்கிடக்கின்றன; நொதியால் உள்ளே எளிதில் நுழைய முடியாது. சூடான நீரில் அவை உப்பி வெந்தால்தான் வழி திறக்கும். பார்லிக்கு இது ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசுக்குள்ளேயே நடந்துவிடுவதால், பார்லி முளைமாவை 65 டிகிரி வெந்நீரில் கலந்து மூடிவைத்தாலே போதும் என்று வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்கின்றன. அதை அப்படியே கேழ்வரகுக்கோ அரிசிக்கோ சோளத்துக்கோ பின்பற்றுவதால்தான் பலருக்குப் பலன் கிட்டுவதில்லை. இவற்றின் மாவுச்சத்து முழுமையாக வேக 70 டிகிரியும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. நொதியோ ஈரமான நிலையில் 75 டிகிரியைத் தாண்டினால் விரைவாகச் சிதைகிறது. கொதிக்கும் நீரில் முளைமாவைக் கொட்டிக் கிளறினால், வழி திறப்பதற்குள் வெட்ட வேண்டிய நொதி அழிந்துவிடுகிறது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முளைகட்டாத சாதாரண மாவை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கெட்டிக் கூழாக்கி, 65 முதல் 70 டிகிரி வரை ஆறவிட்டு, மொத்த மாவில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்ற அளவில் முளைமாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்துக் கிளறி, பத்து நிமிடம் மூடிவைத்தால், கெட்டியாக இருந்தது கண்முன்னே ஓடத் தொடங்கும். விரலை வைத்துச் சூடு பார்ப்பதை நான் ஏற்பதில்லை. சமையலறை வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. இளகிய பின் கஞ்சியை மீண்டும் ஒருமுறை கட்டாயம் கொதிக்கவைக்க வேண்டும். ஈரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்த தானியத்தில் கிருமிகள் பெருகியிருக்கும் என்பதால், இந்த இறுதிக் கொதியைக் குழந்தை உணவில் ஒருபோதும் தவிர்க்கக்கூடாது.

இப்படிச் செய்தும் இளகவில்லை என்றால் மாவின் வரலாற்றை விசாரிக்க வேண்டும். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி வறுப்புச் சட்டிதான். சத்துமாவுக்கு எல்லாவற்றையும் மணம் வரும்வரை வறுப்பது நம் வழக்கம். மணத்துக்கு அது நல்லது, நொதிக்கு ஆகாது. நன்றாகக் காய்ந்த முளைதானியம் மிதமான சூட்டை ஓரளவு தாங்கும், ஈரம் போகாத தானியம் தாங்காது. எனவே இளக்குவதற்கென ஒரு சிறு டப்பா முளைமாவை வறுக்காமல் தனியே அரைத்துவைத்துக்கொள்ளலாம். அடுத்தது முளையின் வயது. துணிமூட்டையில் ஓர் இரவு கட்டி, வெள்ளை முனை எட்டிப்பார்த்ததும் காயப்போட்டுவிட்டால் நொதி போதிய அளவு உருவாகியிருக்காது. கேழ்வரகுக்கு இரண்டு மூன்று நாள் தேவை. நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் வைத்துப் பார்த்து, தொண்ணூறுக்கும் குறைவாக முளைத்தால் அந்தத் தானியத்தை முளைமாவுக்குப் பயன்படுத்த வேண்டாம். நன்றாக முளைக்கும் என்று விதைக்கடையில் வாங்குவதும் கூடாது. விதைநேர்த்திக்காகப் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள்.

சந்தேகம் தீராதவர்கள் அயோடின் சோதனை செய்யலாம். மேலே தெளிந்த கஞ்சி நீரில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினை நீரில் கலந்து ஒரு சொட்டு சேர்த்தால், கருநீலம் மாவுச்சத்து மிஞ்சியிருப்பதையும் செம்பழுப்பு அது பாதி வெட்டுப்பட்டிருப்பதையும் காட்டும்; அயோடினின் நிறம் மாறாவிட்டால் மாற்றம் முடிந்தது. சொட்டு ஆறியிருக்க வேண்டும், ஏனெனில் சூட்டில் நீலம் மறைந்து பொய்யான வெற்றியைக் காட்டும். உமித்துகள் கலந்தாலோ எப்போதும் நீலமே தெரியும். சோதித்த சொட்டைக் கழுவிவிட வேண்டும், பாத்திரத்தில் திருப்பி ஊற்றக்கூடாது. கஞ்சியைப் பொறுத்தவரை கருநீலம் தெரிந்தாலும் கவலையில்லை. சங்கிலிகள் சில இடங்களில் அறுபட்டாலே அது இளகிவிடும். முழு மாற்றம் தேவைப்படுவது இனிப்புச் சாறு எடுப்பவர்களுக்குத்தான்.

சோளத்தை முளைகட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் குருத்திலும் வேரிலும் சயனைடை வெளிவிடும் தூரின் என்ற பொருள் உருவாவதால், காய்ந்ததும் அவற்றைத் தேய்த்துப் புடைத்து முற்றிலும் நீக்கிய பிறகே அரைக்க வேண்டும். பூஞ்சை வாடையோ பச்சை, கறுப்புப் படலமோ தெரிந்தால் முழு மூட்டையையும் கொட்டிவிடலாம், கழுவிப் பயனில்லை. நீரிழிவு உள்ளவர்களிடம், முளைகட்டியது என்பதாலேயே இந்தக் கஞ்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நொதி நன்றாக வேலை செய்த கஞ்சியில் மாவுச்சத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே மால்டோஸ் என்ற சர்க்கரையாகிவிடுவதால், குழந்தைக்கு நன்மையாக அமையும் அதே மாற்றம் அவர்களுக்கு இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடும்.