ஸ்டென்ட்: ஒரு சொல், ஒரு கம்பிவலை, ஒரு தமிழ்ப் பெயர்

என் சித்தப்பாவுக்கு இரண்டு முறை ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்புக்குள் இருக்கும் ஒரு குழாய் அடைபடாமல் இருக்க அதனுள்ளே வைக்கும் சிறு கருவி அது. முதல் முறை இதயத் தமனியில் அடைப்பு. மூன்று ஆண்டு கழித்து, சிறுநீர்க் குழாயில் கல். இரண்டு முறையும் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் அதே ஆங்கிலச் சொல்தான். முதலாவது ஆயுசுக்கும் உள்ளேயே இருக்க வேண்டியது. இரண்டாவது சில வாரங்களில் எடுத்துவிட வேண்டியது. "ஸ்டென்ட்னா வெச்சா வெச்சதுதானேப்பா, அதை யாரு எடுப்பாங்க?" என்று நம்பியவர் திரும்பப் போகவே இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து வலி தாங்காமல் போனபோது, உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழலின் மேலேயே கல் படிந்து இறுகியிருந்தது.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. இதற்கு என்னதான் பொருள் என்று தேடிப் போனால், பொருளே இல்லை. அது ஓர் ஆளின் பெயர்.

சார்லஸ் தாமஸ் ஸ்டென்ட் (1807–1885) லண்டனில் இருந்த பல் மருத்துவர். பொய்ப்பல் கட்டுவதற்கு முன் வாய்க்குள் அச்சு எடுக்க அந்தக் காலத்தில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசினைப் பயன்படுத்தினார்கள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். ஆனால் ஆறும்போது சுருங்கி அச்சைக் கெடுத்துவிடும். 1856ல் ஸ்டென்ட் அதோடு ஸ்டியரின் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்தார். டால்க் மாவும் சிவப்புச் சாயமும் கலந்தார். அச்சு நிலைத்து நின்றது. அந்தக் கலவை அவர் பெயரிலேயே கடைகளில் விற்றது.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. முகமும் தாடையும் சிதைந்த போர்வீரர்களுக்குத் தோல் ஒட்டு வைத்துக்கொண்டிருந்தார் நெதர்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் யோஹானஸ் எஸ்ஸர். ஒட்டிய தோல் அசையாமல் பள்ளத்தோடு அழுந்தி நிற்க வேண்டும். அவர் ஸ்டென்டின் கலவையைக் காயத்தின் வடிவத்துக்கே வார்த்து, அதன் மேல் தோலைச் சுற்றி உள்ளே பொதித்தார். 1917ல் அந்த முறையை எழுதி வெளியிட்டபோது பல் மருத்துவரின் பெயரும் கூடவே வந்துவிட்டது. அன்று முதல் 'ஸ்டென்ட்' என்றால் பல் அச்சு மட்டுமில்லை. உடலின் திசுவை இருக்கும் இடத்தில் பிடித்து நிறுத்தும் எந்தப் பொருளும் அதுதான். 1954ல் அமெரிக்காவில் ரீமைனும் கிரிண்ட்லேயும் நாய்களின் பித்தநாளத்தைச் சீரமைக்க உள்ளே ஒரு பாலித்தீன் குழலை வைத்தார்கள். அதையும் இப்பெயரால் குறித்தார்கள். இரத்தக் குழாய்க்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான்.

இன்னொரு 'ஸ்டென்ட்'டும் உண்டு. ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு விரித்துக் கட்டுதல் என்று பொருள். ஆற்றில் மீன்வலையை விரித்து நிறுத்த அடிக்கும் முளைக்கும் அதே பெயர். விரித்து நிறுத்தும் வலை! இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா என்று எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் சான்றுகள் எல்லாம் பல் மருத்துவர் பக்கமே நிற்கின்றன. பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லுக்கு வேரை மாற்றி எழுதக் கூடாது.

சரி, பொருளுக்கு வருவோம். தமிழில் பெயர் வைப்பதற்கு முன் அது எப்படி இருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் 1964 ஜனவரியில், கால் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியை, கத்தி வைக்காமல், குழலுக்கு மேல் குழலாகச் செலுத்தி அகலப்படுத்தினார். கால் பிழைத்தது. ஆனால் இப்படி அகலப்படுத்திய இடம் மறுபடி சுருங்கிவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் 1969ல் நாய்களின் கால் தமனிக்குள் எஃகுக் கம்பிச் சுருளை வைத்துப் பார்த்தார். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். கவனிக்க வேண்டியது, அவர் அதை ஸ்டென்ட் என்று சொல்லவில்லை. சுருள்வில் குழாய் ஒட்டு என்ற பொருளில்தான் எழுதினார். நம் ஊரில் இன்றும் பெரியவர்கள் "ஸ்பிரிங் வெச்சிருக்காங்க" என்று சொல்வதைச் சிலர் திருத்துகிறார்கள். திருத்த வேண்டியதில்லை. முதன்முதலில் வைத்தவரே அப்படித்தான் பார்த்தார்.

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆன்டிரியாஸ் குரூன்ட்சிக் இதயத் தமனிக்குள் பலூனை ஊதி அடைப்பை அமுக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு அவருடைய உரையைக் கேட்டவர்களில் ஒருவர் ஹூலியோ பால்மாஸ், அர்ஜென்டினாவில் பிறந்த மருத்துவர். பலூனை எடுத்ததும் சுவர் மறுபடி சரிந்துவிடாதா, உள்ளே ஒரு தாங்கல் இருந்தால் என்ன என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் கம்பியைப் பின்னி, கம்பிகள் குறுக்கிடும் இடங்களையெல்லாம் பற்றவைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு நாள் தன் வீட்டுக் கார் கொட்டகையில், பூச்சு வேலைக்கு வந்தவர்கள் விட்டுப் போன உலோக வலைத் துண்டு ஒன்று கண்ணில் பட்டது. தகட்டில் வரிசை மாற்றி மாற்றிக் கீறல் போட்டு, இழுத்து விரித்துச் செய்யும் வலை அது. கீறல்கள் விரிந்து வைரக்கட்டங்கள் ஆகின்றன. தகட்டுக்குப் பதில் மெல்லிய குழாயில் அதே கீறல்களைப் போட்டால்? நம் கடைகளின் மடக்குக் கதவை இழுத்து மூடும்போது ஒடுங்கிய கட்டங்கள் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதை உருட்டிக் குழாயாக்கி, பலூன் மேல் ஏற்றியதாக நினைத்தால் போதும். ரிச்சர்ட் ஷாட்ஸ் என்ற இதய மருத்துவரும் சேர்ந்துகொள்ள, அந்தக் கருவிக்கு 1994ல் அமெரிக்காவில் இதயத் தமனிக்கான அனுமதி கிடைத்தது.

அதற்குள் ஐரோப்பா முந்திவிட்டது. மனித இதயத் தமனியில் முதல் ஸ்டென்டை 1986 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல் வைத்தார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிச் சிக்வார்ட் வைத்தார். அது பால்மாஸின் வகை இல்லை. எஃகுக் கம்பிகளைக் கூடைபோலக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய, தானே விரியும் வலை. பூண்டு வாங்கும் வலைப்பையை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள்: நீளும், ஒல்லியாகும். விட்டால் குட்டையாகிப் பருக்கும். பின்னல் ஸ்டென்டின் பலமும் அதுதான், தொல்லையும் அதுதான். உறைக்குள் ஒல்லியாகப் போய் இடத்தில் விரிந்துகொள்கிறது. விரியும்போது நீளம் குறைவதால், முனை சரியாக எங்கே வந்து நிற்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஆக, விரியும் விதம் இரண்டு. இந்த இடத்தில்தான் வடிவமைப்பின் உயிர் இருக்கிறது.

கட்டடக் கம்பி கட்டுகிறவர் கையில் இருக்கும் கட்டுக்கம்பியை வளைத்தால் வளைத்தபடியே நிற்கும். பேனா ஸ்பிரிங்கை அமுக்கினால் விட்டதும் பழைய உருவுக்கு வந்துவிடும். பலூனால் விரியும் ஸ்டென்ட் கட்டுக்கம்பி சாதி. எஃகு அல்லது கோபால்ட்–குரோமியம் கலப்பு. காரின் டயரில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் உள்ளே பலூனை ஊதுவார்கள்; உலோகம் மீள முடியாத அளவுக்கு விரிந்து அப்படியே நின்றுவிடும். நினைத்த இடத்தில், நினைத்த அகலத்தில் உட்கார வைக்கலாம் என்பதால் இதயத்துக்கு இன்று இதுதான். தானே விரிவது ஸ்பிரிங் சாதி. பெரும்பாலும் நிட்டினால்: நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்ததால் அந்தக் கூடத்தின் முதலெழுத்துகளும் பெயருக்குள் ஒட்டிக்கொண்டன. கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இந்த வகையை எடுப்பதற்குக் காரணம் எளிது. கழுத்து திரும்பும், அழுந்தும், முழங்கால் மடங்கும். அங்கே கட்டுக்கம்பி சாதியை வைத்தால் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான். நிட்டினால் நசுங்கி எழுந்துகொள்ளும்.

கம்பிச் சுருளுக்கு ஒரு குறை இருந்தது. 1993ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜியான்டர்கோ–ரூபின் ஸ்டென்ட் ஒரே கம்பியை வளைத்து வளைத்துச் செய்தது. நன்றாக வளைந்து கொடுக்கும், வளைவான தமனிக்குள் சுலபமாகப் போகும். ஆனால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கொழுப்புப் படிவு பிதுங்கி உள்ளே வந்துவிடும். கீறல் குழாய் இதற்கு நேரெதிர்: தாங்கும், வளையாது. அதற்குப் பிறகு வந்த வடிவங்கள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் தேடியவைதான். இன்று பெரும்பாலானவை லேசரால் வெட்டிய குழாய்கள். அலை அலையான வளையங்கள், நடுவே சில இணைப்புகள். ஒரே கம்பியை அலைபோல் வளைத்து, சுருளாகச் சுற்றி, அங்கங்கே பற்றவைக்கும் வகையும் வந்தது. கம்பி போய், கம்பியே திரும்ப வந்த கதை. உலோக இழையின் தடிமன் இப்போது ஒரு தலைமுடி அளவுக்கு இறங்கியிருக்கிறது.

பலூன் மட்டும் வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு மறுபடி சுருங்கியது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் என்று 1994ல் வெளிவந்த பெல்ஜியம்–நெதர்லாந்து ஆய்வு காட்டியது. மிச்சமிருந்த அந்த 22ஐயும் குறைக்கத்தான் மருந்து. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் தரும் சிரோலிமஸ், கம்பியைச் சுற்றித் திசு மிகையாக வளர்வதைத் தடுக்கிறது. இதைச் செய்திகளில் 'மருந்து பூசிய ஸ்டென்ட்' என்று எழுதுகிறார்கள். பூசுவது செய்முறை; அதன் வேலை பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாகக் கசிவது. 'மருந்து கசியும்' என்பதே சரி.

இந்த ஊரிலும் முயற்சி நடந்தது. ஏவுகணை வேலையில் உலோகங்களோடு பழகிய அப்துல் கலாம், இதய மருத்துவர் சோம ராஜுவோடு சேர்ந்து 1990களில் விலை குறைந்த ஒரு ஸ்டென்டை உருவாக்கினார். கலாம்–ராஜு ஸ்டென்ட் என்றே அதற்குப் பெயர். 2017 பிப்ரவரியில் இந்திய அரசு விலைக்கு வரம்பு வைத்தபோது வெறும் உலோக வகை 7,260 ரூபாய், மருந்து கசியும் வகை 29,600 ரூபாய்.

இனி தமிழ்ப் பெயர். முதலில் எழுத்துக்கூட்டல். 'ஸ்டெண்ட்' என்று எழுதினால் தமிழ் ஒலிமுறைக்குப் பொருந்தும், ஆனால் கடைசி ஒலி மாறிப் படிக்கப்படும். 'ஸ்டென்ட்' மூல ஒலிக்குக் கிட்டே நிற்கிறது. பலர் வாயில் அது 'ஸ்டன்ட்' ஆகிச் சினிமாச் சண்டைக்குப் போய்விடுகிறது. சொல்லுக்குள் பொருள் இல்லாவிட்டால் வாய் தனக்குத் தெரிந்த இன்னொரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

'குழாய்' என்று முடியும் பெயர்கள் எனக்குச் சரிப்படவில்லை. இரத்தம் ஓடுகிற குழாய் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே போவது அதைத் தாங்கும் வலை. 'சுருள்' டாட்டரின் கருவிக்குப் பொருந்தும், இன்றைய வலைக்குப் பொருந்தாது. 'முட்டு' நல்ல சொல், வாழைக்கும் சுவருக்கும் கொடுப்பது. ஆனால் உடம்பு விஷயத்தில் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு முட்டுகிறது என்று அடைப்பையே அது சொல்லிவிடும். 'சாரம்' கட்டட வேலையின் சொல். வேலை முடிந்தால் பிரித்துவிடுவோம். ஸ்டென்டைப் பிரிப்பதில்லை. ஒன்றுக்கு மட்டும் இந்தச் சொல் கச்சிதம்: உலோகத்துக்குப் பதில் கரையும் பிளாஸ்டிக்கில் செய்து, தமனி தேறியதும் தானே கரைந்துபோகும் வகை. அமெரிக்காவில் 2016ல் அனுமதி பெற்ற ஒன்றை, உள்ளே இரத்தம் உறையும் சிக்கல் கூடுதலாக இருந்ததால் அடுத்த ஆண்டே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வகைக்குக் 'கரையும் சாரம்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு 'நாளந்தாங்கி'. இடிதாங்கி, சுமைதாங்கி போன்ற கட்டமைப்பு. நாளம், தாங்கி இரண்டும் சேர்ந்தால் அறந்தாங்கி என்ற ஊர்ப்பெயரில் நம் காதுக்குப் பழகிய அதே ஒலி வருகிறது, வல்லினம் மிக வேண்டியதில்லை. இரத்தநாளத்துக்கும் பித்தநாளத்துக்கும் ஒருங்கே பொருந்தும். முன்னால் ஓர் அடை சேர்த்தால் வகையும் தெளியும்: பலூன்விரி நாளந்தாங்கி, தன்விரி நாளந்தாங்கி, மருந்து கசியும் நாளந்தாங்கி. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலையை விளக்க வேண்டியதில்லை. சுவர் ஒவ்வொரு நொடியும் உள்நோக்கி அழுத்துகிறது. இது அசையாமல் தாங்கி நிற்கிறது.

மருத்துவரிடம் பேசும்போது ஸ்டென்ட் என்றே சொல்லுங்கள், அவசரத்தில் அதுதான் உதவும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தில் தமிழும் இருக்கட்டும். சித்தப்பாவுக்குச் சிறுநீர்க் குழாயில் வைத்த டிஜே (டபுள் ஜே) ஸ்டென்ட் எதையும் தாங்கவில்லை. இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழல் அது. சிறுநீர் தடையில்லாமல் வடிய வைத்தது. அதை 'வடிகுழல்' என்று எழுதியிருந்தால் போதும். வடிந்து முடிந்ததும் எடுக்க வேண்டிய பொருள் என்பது பெயரிலேயே தெரிந்திருக்கும்.

அவர் பர்ஸில் இதய ஸ்டென்டுக்குக் கொடுத்த அட்டை இப்போதும் இருக்கிறது. 3.0, 18 என்று இரண்டு எண்கள்: அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் 18. அதன் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "நாளந்தாங்கி. இதயத்தில் உள்ளது. எடுக்க வேண்டாம்."