முள் குத்தும்போது கால் எங்கே இருக்கிறது?

முள்ளை மிதித்தால் கால் வெடுக்கென்று மேலே வந்துவிடும். பாடப் புத்தகம் தோலிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு கோடு, அங்கிருந்து தசைக்கு ஒரு கோடு போட்டு, அனிச்சைச் செயல் என்று பெயரெழுதி முடித்துவிடும். மூளைக்கு வலி எட்டி நாம் கத்துவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பதுவரை சரிதான். ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் நடப்பதில்லை.

நடக்கும்போது ஒரு கால் சுமார் 60 சதவீத நேரம் தரையில் ஊன்றியிருக்கும், மீதி நேரம் காற்றில் முன்னே வீசும். மொத்த எடையும் ஊன்றிய காலில் இருக்கையில் அதைச் சட்டென்று மடக்கினால்? முள் தப்பும், மூக்கு உடையும். ஒரு கால் மடங்கும்போது எதிர்க்கால் விறைத்து எடையைத் தாங்கும் என்பதை 1910-இலேயே பிரிட்டிஷ் உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் விலங்குகளில் விவரித்தார். அந்த எதிர்க்காலே காற்றில் இருந்தால் அதுவும் உதவாது.

ஆகவே, தொடுகை ஒன்றானாலும், கால் ஊன்றியிருக்கிறதா வீசுகிறதா என்ற கட்டத்தைப் பார்த்தே தண்டுவடம் பதில் சொல்கிறது. மூளையோடு தொடர்பு அறுபட்ட தண்டுவடமுள்ள பூனைகளை ஓடுபட்டையில் (ட்ரெட்மில்) நடக்கவிட்டு, 1975-இல் இதைக் காட்டினார்கள். பாதத்தின் மேற்புறத்தைத் தொட்டதும், வீசும் கால் இன்னும் மடங்கி உயர்ந்தது. ஊன்றிய கால் இன்னும் அழுத்தி நீண்டது. மூளையே இல்லாமல் இவ்வளவு விவேகம்!

மனிதரிலும் அப்படித்தான். பாதத்து நரம்பில் லேசான மின்துடிப்பு கொடுத்தால், வீச்சின் தொடக்கத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமுள்ள தசை சுருங்கிப் பாதத்தைத் தூக்கப் பார்க்கிறது. குதிகால் தரை தொடப்போகும் நேரத்தில் அதே துடிப்பு அதே தசையைத் தளர்த்துகிறது.

தடுக்கி விழப்போகும்போதும் இதே கணக்குதான். வீச்சின் முற்பகுதியில் தடுக்கினால் கால் உயர்ந்து தடையைத் தாண்டும். பிற்பகுதியில் தடுக்கினால் அந்தக் காலைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, மறுகாலால் தாண்டுவோம்.

தண்டுவடத்துக்குக் கட்டம் எப்படித் தெரிகிறது? நடைத்தாளத்தை உண்டாக்கும் நரம்புச்சுற்றே அனிச்சைப் பாதைகளைத் திறந்து மூடுகிறது. பாதத்தின் பாரமும் இடுப்பு மூட்டின் கோணமும் அதற்குத் துப்பு தருகின்றன. மேலிருந்து மூளையும் அளவைக் கூட்டிக் குறைக்கும். கெண்டைக்கால் தசையின் அனிச்சைகூட நிற்கையில் வலுவாகவும், நடக்கையில் அடங்கியும், ஓடுகையில் இன்னும் அடங்கியும் இருக்கும்.

இந்த மடக்கும் அனிச்சையை மின்தூண்டலால் எழுப்பி, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களை அடியெடுத்து வைக்கச் செய்யும் முயற்சிகள் உண்டு. அதில் ஒரு வம்பு: திரும்பத் திரும்பத் தூண்டினால் அனிச்சைக்குப் பழகிப்போய், கால் மெல்ல மெல்லக் குறைவாகவே உயர்கிறது.